ஒதுக்கிவைக்கப்பட்டவளின் பசு

பண்ணையார் தில்லைநாயகத்துக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொன்ன நாளிலிருந்து செங்கமலத்தை ஊர் ஒதுக்கி வைத்திருந்தது. அவள் வாசலை யாரும் மிதிப்பதில்லை. பொதுத் தொட்டியில் அவள் பசு வாய் வைக்கக் கூடாது. அவளுக்குப் பேச்சுத்துணை அந்தப் பசு ஒன்றுதான்.

அந்த வருஷம் பண்ணையார் சந்தையில் வாங்கிய காளைகளை நேரே தன் தொழுவத்தில் கொண்டுபோய்க் கட்டினார். கோமாரி நோய் வந்தது. ஊர் மாடுகளெல்லாம் எச்சில் வடித்து நொண்டின. செங்கமலத்தின் பசு மட்டும் நிம்மதியாக அசைபோட்டது.

"சூனியக்காரி! இனி ஒரு மாடு படுத்தாலும் நீ ஊரைவிட்டுப் போகணும்" என்று ஊர்க்கூட்டத்தில் கத்தினார் பண்ணையார்.

"சரிங்கய்யா. என் பசுவைக் காப்பாத்துன மந்திரத்தையே சொல்லிடறேன். எனக்குச் செஞ்சதைச் சீக்கு மாட்டுக்கும் செய்யுங்க."

"உனக்கு என்னடி செஞ்சேன்? ஒதுக்கி வச்சேன். பொதுத் தண்ணி கூடாதுன்னேன். யாரும் அண்டக் கூடாதுன்னேன்..."

சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"அதேதாங்கய்யா. உங்க காளைங்களையும் வந்தன்னிக்கே அப்படி வச்சிருந்தா ஊர் மாடு பொழச்சிருக்கும்."

கூட்டம் பண்ணையாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் தலை தொங்கியது.

அவள் சொன்னபடியே செய்தார்கள். நோய் அடங்கியது. தேறிய மாடுகளை ஒவ்வொன்றாக மந்தையில் சேர்த்தார்கள். செங்கமலத்தைச் சேர்க்கலாமென்று யாருக்கும் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை.