காடைக் கூண்டும் கேரம் போர்டும்

வீட்டில் காடை வளர்த்தால் பிரயோசனம் உண்டா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். கூண்டு எத்தனை அடி, தீவனம் என்ன, எத்தனையாவது வாரம் முட்டை வரும் என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். வீட்டில் தங்களோடு யார் யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆகையால் திருமங்கலத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

செண்பகம் நூல் மில்லில் வேலை பார்த்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், மொட்டை மாடியில் காடை வளர்க்கிறேன் என்று கணவன் சௌந்தரபாண்டியிடம் கேட்டாள். அவனுக்கு மனமில்லை. மாடியில் அவனுடைய கேரம் போர்டு இருந்தது. ஞாயிறானால் கூட்டாளிகள் வந்துவிடுவார்கள்.

கடைசியில் அவன் அண்ணன் காசிமாயனைச் சாட்சியாக வைத்து ஒரு பேச்சு முடிந்தது. காடைகள் முட்டை வைக்கிற வரைக்கும் கூண்டு மாடியில் இருக்கும். ஒரு வாரம் சேர்ந்தாற்போல் முட்டை நின்றுவிட்டால் கூண்டு இறங்கிவிட வேண்டும். செண்பகம் சரி என்றாள்.

பதினாறு குஞ்சு வாங்கினாள். மூன்று வாரத்தில் நெஞ்சு இறகைப் பார்த்து இனம் பிரித்துவிட்டாள். புள்ளி விழுந்திருந்த பன்னிரண்டும் பெட்டை. செம்பட்டையாக இருந்த நான்கும் சேவல்.

"என்னங்க, கோழி மாதிரி இல்ல. காடையில பெட்டைதான் பெருசா இருக்கும்," என்று சொல்லவும் செய்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்ததா என்பது அவனுக்கே வெளிச்சம்.

ஏழாவது வாரம் முட்டை வந்தது. தினமும் ஒன்பது, பத்து. மகளின் டிபன் டப்பாவில் இரண்டு அவித்த முட்டை போனது. மிச்சத்துக்குத் தெருவில் ஆள் முந்திக்கொண்டு நின்றது. அந்த வீட்டில் யாரையும் கேட்காமல் அவள் கையால் நடந்த ஒரே காரியம் அதுதான். அவள் நடையே மாறிப்போனது.

தங்கையின் வளைகாப்புக்கு மகளைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் தேனிக்குப் போனாள். "தீவனமும் தண்ணியும் மட்டும் வச்சிருங்க," என்று நூறு தடவை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

அவள் போன மறுநாள் சௌந்தரபாண்டி அண்ணனையும் கூட்டாளிகளையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். கூண்டில் கையை விட்டுப் பெரிதாகப் பார்த்து ஐந்தைப் பிடித்து அடித்தான். குழம்பு வைத்தான். அதற்கடுத்த நாளும் அதே பந்தி. அன்றைக்கும் பெரிதாகப் பார்த்து ஏழு.

செண்பகம் திரும்பி வந்து கூண்டைப் பார்த்தாள். நான்கு காடைகள் நின்றன. நான்குக்கும் நெஞ்சு செம்பட்டை. அவள் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மகள் வந்து தொட்டபோதுதான் எழுந்தாள்.

அந்த நான்கும் நேரம் தவறாமல் கூவின. முட்டைக்கு எங்கே போவது? ஒரு வாரம் ஆனதும் சௌந்தரபாண்டி அண்ணனைக் கூட்டிவந்து நடுவில் உட்கார வைத்தான்.

"பூராம் பெட்டையத் தின்னுட்டு முட்டை எங்கங்கிறாரு. கேளுங்க அத்தான்!" என்றாள் செண்பகம்.

"எனக்கு எப்படித் தெரியும்? சேவல்தான் பெருசா இருக்கும்னு நெனச்சேன். பெட்டைய ஒனக்குன்னு விட்டுவச்சதாத்தான் நெனச்சேன். தெரியாம நடந்துபோச்சு," என்றான் கணவன். "ஆனா முட்டை நின்னது நின்னதுதான? பேச்சு மாறக் கூடாது."

காசிமாயன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தெரியாம செஞ்சதக் குத்தம்னு சொல்ல முடியாது தாயி. பேசுனா பேசுனபடி நடக்கணும். கூண்ட எறக்கிரு. கறிய மட்டும் குத்தம் சொல்லிறாத. மொத நாள் கொழம்புலயே மணி மணியா மஞ்சக்கரு கெடந்துச்சு பாரு, அதுக்கு எங்களுக்குள்ள அடிதடியே வந்துருச்சு. தம்பிதான் ஆளுக்கு ரெண்டுன்னு எண்ணி எண்ணி வச்சான்."

செண்பகம் கணவனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

இப்போது சொல்லுங்கள். தெரியாமல் நடந்தது என்பவன் பேச்சு சரியா? பேசினால் பேசியபடி நடக்க வேண்டும் என்ற அண்ணன் தீர்ப்பு சரியா? கூண்டு இறங்க வேண்டுமா, வேண்டாமா?

விடை: முதல் நாள் அடித்த ஐந்துக்குத் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். சேவல் வயிற்றில் மஞ்சள்கரு இருக்காது. அன்று மதியம் தன் கையாலேயே அதை எண்ணிப் பரிமாறியவன், மறுநாள் மறுபடியும் பெரிதாகப் பார்த்து ஏழைப் பிடித்தானே, அது தெரிந்தே செய்தது. முதல் நாளோடு நிறுத்தியிருந்தால் ஏழு பெட்டை மிஞ்சியிருக்கும், முட்டையும் நின்றிருக்காது. காடை முட்டையை நிறுத்தினால் என்றுதான் பேச்சு. இங்கே நிறுத்தியது சௌந்தரபாண்டி. அவனோடு ஒரே பந்தியில் கருவுக்கு அடித்துக்கொண்டவர் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தது அதைவிட அநியாயம். செண்பகமும் இதைத்தான் இரண்டே வாக்கியத்தில் கேட்டாள். "மொத நாளு தெரியாது, சரி. ரெண்டாம் நாளு?" காசிமாயன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு மாடியில் கூண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் புதிதாகக் குஞ்சு வாங்கிக் கூண்டில் விட்டாள். ஏழாவது வாரம் முட்டை வந்தது. கேரம் போர்டு இப்போது கூண்டுக்கு அடியில் எச்சம் தாங்குகிறது.