கர்னல் வீட்டு நாய்

வக்கீல் எஸ்தர் ராணுவ வழக்குகளை மட்டுமே எடுப்பார். அவரிடம் வேலை பழக வந்த அய்யாத்துரைக்கு அவரைவிடப் பதினைந்து வயது கூடுதல். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, அதற்கப்புறம் சட்டம் படித்தவர்.

அன்று மலைமேல் ஒரு முகாமில் ராணுவ நீதிமன்றம் கூடியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டு நின்றவன் பொன்னுரங்கம், சமையல்காரச் சிப்பாய். கர்னல் தன் வீட்டு நாயைக் குளிப்பாட்டச் சொன்னார். இவன், "இந்தக் கையாலதான் ஐயா அத்தனை பேருக்கும் சப்பாத்தி மாவு பிசையணும்" என்று சொல்லிவிட்டான். மேலதிகாரி உத்தரவை மீறினான் என்று வழக்கு. தோற்றால் ஜெயில், வேலையும் போய்விடும். வெளியே வராந்தாவில் அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு நின்றாள்.

கர்னலைக் குறுக்கு விசாரணை செய்ய அய்யாத்துரை எழுந்தார். வாயைத் திறந்தார்.

"போதும், உட்கார்" என்றார் கர்னல்.

அய்யாத்துரை உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதியாக நடுவில் இருந்த பிரிகேடியர், கேள்வியெல்லாம் முடிந்தது போல என்று நினைத்துச் சாப்பாட்டு இடைவேளை விட்டார்.

எஸ்தர் தயிர்ச்சோற்று டப்பாவைத் திறந்தார். அய்யாத்துரைக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தக் குரலைக் கேட்டதும் முதுகு தானா விறைச்சிடுதும்மா. பாதி ஆயுசு கேட்டுப் பழகின குரல். இந்த வியாதியை எப்படி ஒழிக்கிறது?"

"ஊறுகாய் வேணுமா அண்ணாச்சி?"

"அம்மா, ஒரு பையன் பிழைப்பு போகப் போகுது. நீங்களே எந்திரிச்சுக் கேளுங்க."

"நீங்களே கேளுங்க. கர்னல் என்ன சொன்னாலும் செய்ங்க. அரைகுறையா மட்டும் செய்யாதீங்க."

அய்யாத்துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் இதுவும் ஒரு உத்தரவுதானே. சரி என்றார்.

இடைவேளை முடிந்ததும், காலையில் விட்ட கேள்விகள் பாக்கி இருக்கின்றன என்று எஸ்தர் அனுமதி வாங்கினார். அய்யாத்துரை எழுந்தார்.

"அந்த நாய் பட்டாளத்து நாயா ஐயா, உங்க வீட்டு நாயா?"

"வீட்டு நாய்தான். அதனால் என்ன?"

"அது கடிக்குமா ஐயா?"

"வாயை மூடு."

அய்யாத்துரை வாயை மூடினார். மூடியவர் திறக்கவே இல்லை.

"அடுத்த கேள்வி?" என்றார் பிரிகேடியர். அய்யாத்துரை உதட்டை இறுக்கிக்கொண்டு கர்னலையே பார்த்தார்.

"என்ன முறைக்கிறாய்? வெளியே போ!"

அய்யாத்துரை குதிகாலில் திரும்பினார். கையை வீசி, தரை அதிர நடந்து, கதவைத் தாண்டி வெளியே போயே போய்விட்டார்.

பிரிகேடியர் கண்ணாடியைக் கழற்றினார். "வக்கீல் எங்கே போகிறார்?"

எஸ்தர் எழுந்தார். "கர்னல் உத்தரவு, ஐயா."

பிரிகேடியருக்குக் கோபம் வந்துவிட்டது. "இது என் நீதிமன்றம், கர்னல்! நீங்கள் சொல்வதெல்லாம் உத்தரவு ஆகிவிடுமா? ராணுவ வேலைக்காகச் சொன்னால்தானே அது..."

பாதியில் நிறுத்தினார். முன்னால் இருந்த குற்றப்பத்திரிகையைப் பார்த்தார். பக்கத்தில் நீதிபதிகளாக இருந்த மற்ற அதிகாரிகளும் அதைப் பார்த்தார்கள். பொன்னுரங்கம் கூரையைப் பார்த்தான்.

"எங்களுக்கு வேறு கேள்வி இல்லை, ஐயா" என்றார் எஸ்தர்.

அன்றே தீர்ப்பு வந்தது. குற்றமில்லை. பொன்னுரங்கம் ஓடிப்போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டான்.

வராந்தாவின் கோடியில் அய்யாத்துரை விறைத்து நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரை உள்ளே வரச் சொல்லவே இல்லை.

"ஜெயிச்சிட்டோம் அண்ணாச்சி. வாயைத் திறக்கலாம்."

அய்யாத்துரை பெரிய மூச்சாக விட்டார். இருவரும் வராந்தாவை விட்டு இறங்கினார்கள்.

"நான் கீழ்ப்படிவேன்னு உங்களுக்குத் தெரியும். அது சரி. நீதிமன்றத்துல வச்சே அவர் எனக்கு உத்தரவு போடுவார்னு எப்படிம்மா தெரியும்?"

எஸ்தர் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

"பாதி ஆயுசு உத்தரவு கேட்ட உங்களுக்கே பழக்கம் விடலே அண்ணாச்சி. போட்டவருக்கு மட்டும் எப்படி விடும்?"