தொண்ணூறு படி ஏறிய எண்ணெய்க் குடம்

மூன்று துறைமுகமும் முக்கால்வாசி மணலுமாய்க் கிடந்த ஒரு நாட்டை முன்னொரு காலத்திலே மகிழ்மாறன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். மனசு நல்ல மனசுதான். ஆனால் காலையில் ஒன்று சொன்னால் சாயங்காலத்துக்குள் அது நடந்திருக்க வேண்டும். நடக்காவிட்டால் யாருக்காவது தண்டனை.

அவர் ஒரு நாள், "கடலுக்குப் போகிற ஜனங்கள் படகுக்குப் பூசுகிற எண்ணெய்க்கும், படகிலே விளக்கெரிக்கிற எண்ணெய்க்கும் இனிமேல் சுங்கம் கிடையாது" என்று பறையறைவித்தார். அரண்மனைக் கிடங்கிலே குடம் பத்துக் காசு, யார் வாங்கினாலும் ஒரே விலை.

வருஷம் ஒன்று போனதும் விசாரித்தால், அரண்மனைத் துறையில் பத்துக் காசு. வெள்ளாற்றுத் துறையில் பதினொன்று. கள்ளிமுனையில் பதினாறு. ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சுங்கத்தை எடுத்தது நான். நடுவிலே தின்கிறது யார்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தார் கிடங்குத் தலைவர் சிகாமணி. கள்ளிமுனையிலே எண்ணெய் விற்கிற சந்தனமாரியின் அளவு சுத்தமான அளவு என்று போன வருஷம் ராஜா சபையிலே மெச்சியதிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல். அந்தக் கடையைத் தன் மச்சானுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் ஒரு ஆசை; இரண்டு தரம் ஆள் விட்டுக் கேட்டும் அவள் கொடுக்கவில்லை. அன்றைக்கே கிளம்பிப் போன ஆள் கடைக்கு முத்திரை வைத்தான். சந்தனமாரியைச் சபைக்குக் கூட்டி வந்தார்கள்.

பாவம், அவளுக்கு நின்ற இடத்திலே நிற்க முடியவில்லை. கால் விரல் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஊரிலே நாற்பது படகு மணலில் கவிழ்ந்து வறண்டு கிடக்கிறது. எட்டு நாளில் காற்று மாறும், மீன் கரைக்கு வரும். அதற்குள் எண்ணெய் பூசாத படகு கடலில் இறங்கினால் பலகைக்குப் பலகை தண்ணீர் குடிக்கும். அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தப் படகுகளில்தான் போகிறவர்கள். 'மாரியாத்தா, என் மானத்தை அப்புறம் பார்த்துக்கோ, முதல்லே ஊருக்கு எண்ணெயைக் கொண்டு சேர்த்திடு' என்று மனசுக்குள்ளே கும்பிட்டுக்கொண்டாள்.

சிகாமணி பட்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "அரசே, வெள்ளாற்றுத் துறை இங்கிருந்து எட்டுக் காதம். கள்ளிமுனையும் எட்டுக் காதம். தூரம் ஒன்று, எண்ணெய் ஒன்று. வித்தியாசம் எல்லாம் இந்த அம்மாளின் முந்தானையிலே இருக்கிறது."

"என்னம்மா சொல்கிறாய்?" என்றார் ராஜா.

"சொல்லி விளங்க வைக்க நேரமில்லைங்க ராஜா. ஒரு குடம் எண்ணெய் கொடுங்க. ஐயா அதைக் காவல் கோபுரத்து உச்சிக்குக் கொண்டுபோகட்டும். கீழே இருந்த விலையிலேயே அது மேலே போய்ச் சேர்ந்துட்டா, கடையை அவங்க மச்சானுக்கே கொடுத்துடுங்க."

"மச்சானா?" என்று ராஜா திரும்பிப் பார்த்தார். சிகாமணி அவசரமாகக் குடத்தைத் தூக்கினார்.

கோபுரத்துக்குத் தொண்ணூறு படி. இருபதாவது படியில் சிகாமணிக்கு மூச்சு வாங்கியது. முப்பதாவது படியில் ஒரு காவலனைப் பார்த்து, "அப்பனே, கொஞ்சம் பிடியேன்" என்றார்.

"நான் வாசல் காக்கிறவன் ஐயா. சுமக்கிறவன் இல்லை."

வெள்ளி வெற்றிலைப் பெட்டி கை மாறியது. அறுபதாவது படியில் அந்தக் காவலனும் உட்கார்ந்துவிட்டான். அடுத்தவன் சிகாமணியின் தோளையே பார்த்துக்கொண்டு நின்றான். பட்டு அங்கவஸ்திரமும் போயிற்று. சந்தனமாரியோடு பின்னாலேயே ஏறி வந்த ராஜா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்தார்.

உச்சியிலே குடம் இறங்கியதும், "இது இப்போது என்ன விலை சிகாமணி?" என்றார்.

"பத்துக் காசுதான் அரசே."

"வழியிலே சுங்கச்சாவடி ஒண்ணும் இல்லையே ஐயா. அப்போ பட்டு எங்கே போச்சு?" என்று சந்தனமாரி மெதுவாகக் கேட்டாள்.

ராஜா மீசைக்குள்ளே சிரித்தார். சிகாமணி விடவில்லை. "அப்படியானால் வெள்ளாறு? அதுவும் எட்டுக் காதம்தானே. அங்கே ஏன் ஏறவில்லை?"

அவள் அங்கே சுருட்டிக் கிடந்த கொடிக்கயிற்றைக் குடத்தின் கழுத்தில் கட்டி, சுவருக்கு வெளியே மெள்ள இறக்கினாள். குடம் தன் கனத்திலேயே ஆடி ஆடி முற்றத்திலே போய் உட்கார்ந்தது.

"அதே உயரம்தான் ராஜா. ஆனா இப்போ யாரும் பட்டு கேக்கலை. வெள்ளாற்றுக்கு எண்ணெய் ஆத்தோட இறங்கிப் போயிடுது. எங்க ஊருக்கு மணலேறி வருது. பாதி வழியிலே வண்டி புதையும். உப்பங்கழியிலே குடத்தைத் தலையிலே தூக்கி நடக்கணும். அக்கரையிலே வேற மாடு பிடிக்கணும். உங்க சுங்கத்தை நீங்க விட்டீங்க, உங்களுக்குப் புண்ணியம். மணல் இன்னும் விடலைங்களே."

ராஜா கோபுரத்து ஓரத்துக்குப் போனார். "கள்ளிமுனை எந்தப் பக்கம்?" அவள் காட்டிய திசையிலே கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை மணல்தான். ஒரே முரசிலே எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைத்தோமே என்று அவருக்கு வெட்கமாயிருந்தது.

"உப்பங்கழிக்குப் பனைமரப் பாலம் போடச் சொல்லுங்கள்" என்றார். தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். "உனக்கு அம்மா."

"மாலை இருக்கட்டும் ராஜா. இன்னைக்கே பன்னிரண்டு வண்டி எண்ணெய் கிளம்பணும்."

"கிளம்பும். கடை முத்திரையையும் எடுத்துவிடுவார்கள். மாலையும் உனக்குத்தான். வண்டிகளோடு சிகாமணி நடந்து வருவார். புதைகிற இடத்திலெல்லாம் தோள் கொடுப்பார்."

ஆறாம் நாள் மத்தியானம் வண்டிகள் கள்ளிமுனைக்கு வந்து சேர்ந்தன. ஜனங்கள் துணியும் சட்டியுமாக ஓடி வந்தார்கள். சிகாமணி கொப்புளம் பூத்த காலைக் கடல் தண்ணீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரென்று தெரியாமல் ஒரு மீனவன் அவரிடமே போய், "குடம் என்ன விலைங்க?" என்று கேட்டான்.

"முப்பது காசு" என்றார் சிகாமணி. "ஒரு காசு குறைத்தாலும் கட்டாது."

"பதினாறுதான் தம்பி, எடுத்துக்கோ" என்றாள் சந்தனமாரி. அதற்குள்ளே அவள் கை எண்ணெயில் துணியை நனைத்து முதல் படகின் பலகையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது.