மோனிக்காவின் அரை மணி நேரம்

"அந்தப் பொண்ணை ஊருக்கு அனுப்பிடலாம் டீச்சர்" என்றார் செங்கல்வராயன்.

ஆபிதா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பொண்ணு ஐயா?"

"மோனிக்கா திர்க்கி. கடைசி பெஞ்சு. இருபத்தஞ்சு நாளாச்சு, வாயே திறக்க மாட்டேங்குது. அதுக்குத் தமிழ் வராது."

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்காக ஆபிதா அந்த வகுப்பை நடத்திவந்தாள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வரும் நர்ஸ்களுக்கு நாற்பது நாளில் தமிழ். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை.

நாற்பதாவது நாள் ஒவ்வொருவரும் வார்டுக்குப் போய் ஒரு நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும். மேட்ரன் பக்கத்தில் நின்று பார்ப்பார். தேறாதவர் ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

ஆபிதாவுக்கு வயது முப்பத்து நாலு. செங்கல்வராயனுக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். வெளியூர்க்காரர்களுக்குத் தமிழ் சொல்லித்தருவது எப்படி என்று கற்றுக்கொள்ள அவளிடம் வந்து சேர்ந்திருந்தார்; ஒரு வகுப்பை அவரிடமே விட்டிருந்தாள். மகள் வயதுப் பெண்ணை டீச்சர் என்று கூப்பிட அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. அதற்காகவே அவரை ஆபிதாவுக்குப் பிடிக்கும்.

"சாப்பிட்டீங்களா ஐயா?" என்றாள் ஆபிதா.

அவர் வாயைத் திறந்தார்.

"சாப்பிட்டிருப்பீங்க. என்ன சாப்பிட்டீங்க? இட்லியாத்தான் இருக்கும். வயிறு நிறைஞ்சுதா? நிறைஞ்சிருக்கும். சரி, வரேன்."

டஸ்டரை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர் அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. முகம் சுருங்கிப்போய் நின்றார்.

*

மறுநாள் ஆபிதா அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். மோனிக்காவின் பக்கத்தில்.

செங்கல்வராயனுக்கு உற்சாகம் பிடிபடவில்லை. அவர் வகுப்பு அப்படி இருக்கும். பதினெட்டுப் பேர், ஒரு சத்தம் கிடையாது. அவர் பாதி சொல்வார், மீதியை அத்தனை பேரும் ஒரே குரலில் முடிப்பார்கள்.

"ஐயா, உங்களுக்கு எங்கே..."

"வலிக்கிறது!"

"எத்தனை நாளாக..."

"வலிக்கிறது!"

தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். மோனிக்காவின் உதடும் எல்லோரோடும் சேர்ந்து அசைந்தது.

மணி அடித்ததும் அவர் ஆபிதாவிடம் ஓடிவந்தார்.

"கேட்டீங்களா டீச்சர்?"

"கேட்டேன் ஐயா. உங்க குரல் ரொம்ப நல்லா இருக்கு."

வீட்டுக்குப் போய் இதை மனைவியிடம் சொன்னார். "உங்க குரலைச் சொன்னாங்க, சரி. பிள்ளைங்களைப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை.

*

ஆபிதாவின் வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஒருத்தி நோயாளி மாதிரி கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு முனகுவாள். ஒருத்தி வாளியோடு சண்டைக்கு வருவாள். இன்னொருத்தி சிரித்துச் சிரித்து விக்கிக்கொண்டிருப்பாள். ஆபிதா எங்காவது ஒரு மூலையில் நின்றுகொண்டிருப்பாள். நாற்பதாவது நாள் பார்த்தால் அத்தனை பேரும் தமிழ் பேசுவார்கள்.

அதெல்லாம் அதிர்ஷ்டம் என்றுதான் செங்கல்வராயன் நினைத்திருந்தார். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

"எனக்குப் புரியல டீச்சர். நான் என்னதான் பண்ணணும்?"

"படிக்கணும்."

"என்ன புஸ்தகம்?"

"மோனிக்காகிட்ட. தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம். அவ வீட்ல பேசற குடுக் பாஷையை உங்களுக்குச் சொல்லித் தருவா. அந்த நேரத்துல தமிழும் கூடாது, இந்தியும் கூடாது."

"குடுக்கா! அது நம்ம தமிழுக்குத் தூரத்துச் சொந்தம் டீச்சர். ஒரு வாரத்துல பிடிச்சிடறேன் பாருங்க."

ஆபிதா மோனிக்காவைக் கூப்பிடப் போனாள்.

*

முதல் நாள் மோனிக்கா ஒரு டம்ளரைக் காட்டினாள். பெயர் சொன்னாள். தண்ணீரைக் காட்டினாள். அதற்கும் சொன்னாள். கை, கண், கதவு. அவ்வளவுதான் பாடம்.

இரண்டாம் நாள் அதே டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

செங்கல்வராயன் டம்ளரையே பார்த்தார். ஆயிரக்கணக்கான செய்யுள் தலைகீழாகத் தெரிந்த மனிதர். டம்ளருக்கு ஒரு சொல் வரவில்லை.

இவள் இப்போது சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை. முதல் எழுத்தையாவது எடுத்துக் கொடுப்பாள் என்று பார்த்தார். கொடுக்கவில்லை. புருவத்தைத் தூக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

நோயாளி வாயில் தெர்மாமீட்டர் வைத்த நர்ஸ் எப்படி நிற்பாளோ, அப்படி உட்கார்ந்திருந்தாள்.

வெளியே யாரோ ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாளியை வைத்தார்கள்.

அந்தச் சொல் வந்தது. எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியாது.

மோனிக்கா தலையை ஆட்டிவிட்டு, தண்ணீரைத் தொட்டுக் காட்டினாள்.

அன்று ஐந்துக்கு மூன்று சொன்னார். சின்னப் பிள்ளை மாதிரி ஆபிதாவைத் தேடிக்கொண்டு போனார். அவளைப் பார்த்ததும் சொல்ல வந்தது மறந்துவிட்டது.

"டீச்சர், நான் ஒரு கேள்வி கேட்டா எவ்வளவு நேரம் பொறுக்கறேன்?"

"அன்னிக்கு உங்க வகுப்புல கடியாரம் பார்த்தேன் ஐயா. பார்க்கிறதுக்குள்ள நீங்களே பதில் சொல்லிட்டீங்க."

அவருக்கு முப்பது வருஷத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். கடைசி பெஞ்சில் உதட்டை மட்டும் அசைத்தவர்கள். அவர் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

*

மறுநாள் வகுப்பில் மோனிக்காவை எழுப்பினார்.

"உனக்குக் கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?"

பக்கத்துப் பெண் கிசுகிசுத்தாள். அவர் வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

வகுப்பு நெளிந்தது. யாரோ இருமினார்கள். அவருக்கு நாக்கு நுனியில் பதில் நின்று குத்தியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மூணு" என்றாள் மோனிக்கா.

அவர் நகரவில்லை.

"ஒரு அண்ணன் இல்ல. போன மழையில செத்துப் போச்சு."

அவள் சொன்னதைத் திருத்த அவருக்குத் தோன்றவேயில்லை.

"பேரென்னம்மா?" என்று கேட்டார்.

அந்தப் பதிலுக்கும் நின்றார்.

*

நாற்பதாவது நாள். எலும்பு முறிவு வார்டு.

மோனிக்காவுக்குக் கிடைத்த நோயாளி ஒச்சப்பன், லாரி டிரைவர். விபத்தில் கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தது. யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்கிற ஆள்.

மேட்ரன் அற்புதமேரி அட்டையும் பேனாவுமாக நின்றார். ஆபிதாவும் செங்கல்வராயனும் வாசலருகே.

"அண்ணே, எங்க வலிக்குது?" என்றாள் மோனிக்கா.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

இந்த இடத்தில் மற்ற பெண்கள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தார்கள். மோனிக்கா போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மேட்ரன் கடிகாரத்தைப் பார்த்தார். இருந்ததே ஐந்து நிமிஷம். அதில் இரண்டு போய்விட்டது. அட்டையில் இன்னும் ஒன்பது கேள்வி பாக்கி.

"தூங்கிட்டாளா?" என்றார் ஆபிதாவிடம், மெதுவாக.

செங்கல்வராயன் ஓர் அடி முன்னால் வைத்தார். அடுத்த கேள்வியை எடுத்துக் கொடுத்தால் போதும், பிழைத்துவிடுவாள். ஒரே ஒரு எழுத்து. ஆபிதாவைப் பார்த்தார். அவள் மோனிக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஒச்சப்பன் விட்டத்தைப் பார்த்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பிறகு மோனிக்காவைப் பார்த்தார்.

"கால் இல்ல சிஸ்டர்" என்றார். "நெஞ்சு. மூணு நாளா இந்தக் கைக்கு இறங்குது. வெளிய சொன்னா வண்டி ஓட்ட விட மாட்டாங்கன்னு சொல்லல."

மேட்ரனின் அட்டை கட்டில்மேல் விழுந்தது. "டாக்டரைக் கூப்பிடு!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

பத்து நிமிஷத்தில் ஒச்சப்பனை இருதய வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போதும் அவர் மோனிக்காவின் கையை விடவில்லை. அவளும் கூடவே லிஃப்ட் வரைக்கும் நடந்தாள்.

திரும்பி வந்தவளை மேட்ரன் வழியிலேயே நிறுத்தினார். அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"உனக்கு எந்த வார்டு வேணும்?"

மோனிக்கா யோசித்தாள்.

செங்கல்வராயன் வாயை இறுக மூடிக்கொண்டார். மேட்ரனும் இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்லன்னு சொல்றவங்க எந்த வார்டுல அதிகம், மேட்ரன்?" என்றாள் மோனிக்கா.