இறக்கி வைத்த குழம்பு

மாசிலாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருடைய குரு ஞானாம்பிகை அம்மையாருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. டாக்டர் வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்தவர் அவர். ஞானம் கேட்க வருகிறவர்கள் அவரைச் சமையற்கட்டில்தான் தேட வேண்டும். மற்ற இடங்களில் அகப்படமாட்டார்.

அன்று மதியம் மாசிலாமணி முகம் சிவக்க உள்ளே வந்தார்.

"அம்மா, வாசல்ல இருக்கற என் தம்பியைப் போகச் சொல்லிடுங்க."

"இப்பத்தானே உங்க கால்ல விழுந்தார்? நீங்களும் தூக்கிவிட்டு, 'மன்னிச்சுட்டேன்டா'ன்னு சொன்னீங்க?"

"அது பொய்ம்மா."

தாயார் இறந்தபோது அண்ணனுக்குச் சேதி சொல்லாமலே எரித்துவிட்டவர் அந்தத் தம்பி தணிகாசலம். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று மாசிலாமணி வருடக்கணக்கில் குமைந்துகொண்டிருந்தார்.

"வாய் மன்னிச்சேன்னு சொல்லுது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. கையைப் பாருங்க, எப்படி நடுங்குது! துறவு வாங்க வந்தவன், கூடப் பிறந்தவனை மன்னிக்க வக்கில்ல. பொய் சொல்லிட்டு அவன் பக்கத்துல எப்படிம்மா உட்கார்ந்து சாப்பிடுவேன்?"

அம்மையார் அடுப்பை அணைத்துவிட்டு, புளிக்குழம்பு இருந்த மண்சட்டியை இறக்கி வைக்கோல் பிரிமனைமேல் வைத்தார்.

"கொஞ்சம் தள்ளி வைங்க ஐயா" என்று பிடிதுணியை நீட்டினார்.

ஆத்திரத்தில் இருப்பவருக்குத் துணி எங்கே கண்ணில் படும்? வெறுங்கையை வைத்தார். வைத்ததும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை.

"தண்ணியில காட்டுங்க" என்றார் அம்மையார். "கையை எடுக்கணும்னு எப்ப யோசிச்சீங்க?"

"எங்க யோசிச்சேன்! எடுத்தப்புறம்தான் சுட்டதே தெரிஞ்சுது."

"அது நரம்பு. அந்தக் கைக்கு மட்டும் சேதி போச்சு. போன வேகத்துல வேலையும் முடிஞ்சுது."

"சரிம்மா."

"தம்பியைப் பார்த்ததும் உங்களுக்கு வந்தது வேற வழி. சிறுநீரகத்து மேல ரெண்டு சுரப்பி இருக்கு. கோபம் வந்தா அது ஒரு நீரை ரத்தத்துல கலந்துவிடும். ரத்தம் போற இடமெல்லாம் அதுவும் போகும். நெஞ்சுக்கும் போகும், கைக்கும் போகும்."

"நான்தான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டேனே!"

"சொன்னீங்க. ஆனா ரத்தத்துல கலந்ததைத் திரும்பக் கூப்பிட முடியாது. தானா தேய்ஞ்சுதான் அடங்கணும்."

மாசிலாமணி தயங்கினார். "அப்போ நான் அவனை மன்னிச்சது?"

"அடுப்பு எரியுதா, பாருங்க."

"இல்ல."

"குழம்பு?"

சட்டியில் குழம்பு இன்னும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மாசிலாமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா!" என்றார். சிரிப்பும் வந்துவிட்டது. பெரிய பாரம் இறங்கின நிம்மதி அவருக்கு.

"அப்போ இந்த நடுக்கம் அடங்கட்டும்மா. அப்புறமா அவன்கிட்டப் போறேன். இப்போ பார்த்தா தப்பா நினைச்சுக்குவான்."

"கொஞ்ச முன்னாடி அவருக்குச் செம்புல தண்ணி கொடுத்தேன். பாதியை வேட்டியில கொட்டிக்கிட்டார். போய்ப் பக்கத்துல உட்காருங்க."