எல்லா மொழியிலும் ஒரே பதில்

முன்னொரு காலத்தில், உலக மொழிகள் அனைத்தையும் தயிர்போலக் கடைந்து, அவற்றுக்குள் ஒளிந்திருந்த ஒரே பேருண்மையைத் திரட்டி எடுத்த பெருமை ஒரு நாட்டுக்கு இருந்தது. திரட்டியவர் அந்நாட்டு மகாபண்டிதர் அனந்தகீர்த்தி. அவருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது.

எல்லாம் அரசரின் ஒரு காலைநேர ஆசையால் வந்தது. துறைமுகம்வரை கேட்கும்படி வழக்கம்போலப் பாடி முடித்தவர், "வேற்று மொழிக்காரர்கள் என்னைப் பற்றி என்னதான் பேசிக்கொள்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டார். ஆராய்ந்து வரப் பண்டிதர் பல்லக்கில் கிளம்பினார். கூடவே நாற்பது ஈட்டி வீரர்கள். உலகம் பெரியதுதான், ஆனால் வெயில் கடுமையாக இருந்ததால் துறைமுகத்தோடு திரும்பிவிட்டார்.

"மன்னர் மன்னா," என்று சபையில் முழங்கினார். "அரபு, சீனம், சிங்களம், துளு, எதை எடுத்தாலும் தங்களைக் குறைகூறும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. குறைகூறுவது மனித மொழிகளின் இயல்பே அன்று. ஆகவே குறை கேட்கும் மண்டபம் வீண். மூடிவிட்டால், அந்த இடத்தில் என் பல்லக்கை நிறுத்திக்கொள்வேன்."

அந்த மண்டபத்தில் உட்கார்ந்து குறை கேட்பவன் விகடகவி தாண்டவராயன். அதிகாரி அடித்தாலும் சுங்கக்காரன் பிடுங்கினாலும் ஜனங்கள் ஓடிவர வேறு இடம் கிடையாது. பண்டிதரின் சொற்பொழிவைவிட அங்கே கூட்டம் அதிகம் என்பதுதான் பண்டிதருக்கு வயிற்றெரிச்சல்.

"அரசே, இதை நான் நம்பவில்லை," என்றான் தாண்டவராயன்.

"நம்பாதவர் நாளைக்குள் ஒரே ஒருவரைக் கூட்டிவந்து, எந்த மொழியிலாவது மன்னரைக் குறைசொல்ல வைக்கட்டும்," என்றார் பண்டிதர். "முடியாவிட்டால் மண்டபத்தை மூடிவிட்டு நாட்டை விட்டுப் போகட்டும்."

"சொல்பவன் கதி?"

"கழுமரம். அது வேறு விஷயம்."

அரசர் தலையசைத்துவிட்டார். யாரைக் கூட்டிவந்தாலும் கொலை, கூட்டிவராவிட்டால் மண்டபம் போச்சு. தாண்டவராயன் யோசித்தபடி துறைமுகத்துக்கு நடந்தான். அங்கே அரபுக் குதிரை வியாபாரி ஒருவர் புல்லுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"பாய், பண்டிதர் உங்ககிட்ட என்ன கேட்டார்?"

"யாருக்குத் தெரியும்? கழுத்துக்கு நேரா ஈட்டி நிக்குது. நான் அதைப் பாக்கிறதா, அவர் வாயைப் பாக்கிறதா? எல்லாத்துக்கும் 'ஆமாம் சாமி, இல்லை சாமி'ன்னு மாத்தி மாத்திச் சொல்லிவச்சேன்."

தாண்டவராயன் சிரித்தபடி வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் சபைக்குத் தனியாக வந்தான். பண்டிதர் மீசையை முறுக்கினார். "ஆள் கிடைக்கவில்லையோ?"

"ஆள் இங்கேயே இருக்கிறார். பண்டிதரின் முறைப்படியே நானும் ஆராய விரும்புகிறேன், அரசே. அவருக்கு நாற்பது ஈட்டி, எனக்கு இரண்டு போதும்."

அரசர் கைகாட்ட, வீரர்கள் பண்டிதரின் தொண்டைக்கு இருபுறமும் ஈட்டியை நீட்டினார்கள்.

"பண்டிதரே, தமிழில் என்னைக் குறைகூறும் வாக்கியம் உண்டா?" என்று கேட்டான் தாண்டவராயன்.

நேற்றுவரை அவனைத் திட்டாமல் தண்ணீர்கூடக் குடிக்காத பண்டிதர் இரண்டு ஈட்டி முனைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "கிடையாது. கிடையவே கிடையாது."

"என் அழகு?"

தாண்டவராயனுக்கு ஒரு கண் சாய்வு, தலை வழுக்கை. "மன்மதனே தோற்பான்," என்றார் பண்டிதர்.

"உங்கள் ஆராய்ச்சி?"

"பிதற்றல், ஐயா. ஈட்டியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள்."

"கேட்டீர்களா, அரசே? நான் ஆணழகன் என்பது ஆராய்ச்சியில் தெளிந்த முடிவு. இதைத் தாங்கள் ஏற்காவிட்டால், இதே முறையில் அவர் துறைமுகத்தில் கண்ட முடிவையும் ஏற்கக் கூடாது. ஏற்றுக்கொண்டாலோ, அவர் ஆராய்ச்சி பிதற்றல் என்பதையும் ஏற்க வேண்டியதுதான்."

அரசர் சாய்வுக் கண்ணைப் பார்த்தார், வழுக்கையைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயனுக்குப் போட்டார். கழுமரப் பேச்சை ரத்து செய்தார். மண்டபம் தப்பியது. பண்டிதர் மறுபடி துறைமுகத்துக்குப் போய், இந்த முறை பல்லக்கும் ஈட்டியும் இல்லாமல், மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு துபாஷியை மட்டும் கூட்டிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டுவர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

பண்டிதர் கேட்டுவந்தார். எல்லா மொழிக்காரர்களும் முதலில் சொன்ன குறை ஒன்றேதான்.

மன்னருக்குப் பாட வராது.