மூன்று முறை விழுந்த தட்டு

வங்கி வேலையை விட்டுவிட்டு ஐம்பது வயதுக்கு மேல் ஊடகவியல் ஆய்வுக்கு வந்தவர் சற்குணம். அவருடைய நெறியாளர் ஷாஹிதா வயதில் மிகவும் இளையவர். மாணவர் மேடம் என்பார், ஆசிரியை சார் என்பார்.

'துரு' என்ற, கலகப் பாட்டுகள் பாடும் பங்க் இசைக்குழுவின் பாட்டு வீடியோ ஒன்றைத்தான் சற்குணம் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் தொண்டை கிழியக் கத்திப் பாடுகிறவள் அவருடைய மகள் அமுதினி. எதைப் படிப்பது, யாரோடு பழகுவது என்று அவளுக்கான எல்லாவற்றையும் அவர்தான் முடிவு செய்துவந்தார். ஒருநாள் அவள் வீட்டை விட்டுப் போய்விட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை. வீடியோவில் ஒரு சமையலறை வருகிறது. "எல்லாம் உன் இஷ்டம்னா எனக்கெதுக்குத் தட்டு" என்று பாடிக்கொண்டே சாப்பாட்டுத் தட்டைத் தரையில் அடிக்கிறாள். மகள் என்பதை ஷாஹிதாவிடம் சொல்லியிருந்தார். ஆய்வேட்டில் மட்டும் எழுதவில்லை.

அன்று காலை சற்குணம் ஷாஹிதாவின் அறைக்குள் வந்தபோது முகம் வெளிறிக் கிடந்தது. சரியான தூக்கம் இல்லை என்றார். உட்காரும் முன்பே புதிய அத்தியாயத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தார். பிம்பம், குறியீடு, கலகத்தையே சரக்காக்கி விற்கும் சந்தை என்று கோட்பாட்டில் ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை.

"முடிவா என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் ஷாஹிதா.

"அது கோபமே இல்ல மேடம், நடிப்பு. தட்டு விழறதை மூணு கோணத்துல காட்டுறாங்க. ஒரே கேமராவை வச்சுத்தான் எடுத்தாங்களாம். அப்போ மூணு தடவை எறிஞ்சிருக்கா. நெஜமா கோபப்படறவ ஒரு தடவைதான் எறிவா."

"அப்படி இருந்தா உங்களுக்கு நிம்மதியா சார்?"

சற்குணம் அத்தியாயத்தின் தாள்களைச் சீராக அடுக்க ஆரம்பித்தார். நிம்மதி என்றால் தூக்கம் வந்திருக்க வேண்டுமே. அத்தியாயத்தை எழுதிய நாளெல்லாம் ஒரு பயம் அவரை விடவேயில்லை.

ஷாஹிதா தன் செல்போனை எடுத்து, வீடியோ பதிவை ஓடவிட்டு, அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மனசுல என்ன பயமோ, அதைச் சொல்லுங்க."

சற்குணத்தின் கை தானாகப் போய்த் தலைமுடியை ஒதுக்கியது. காலரைச் சரிசெய்துகொண்டார். "என் பொண்ணு இனிமே வீட்டுக்கு வரவே மாட்டாளோன்னு பயமா இருக்கு" என்று செய்தி வாசிப்பவரைப் போலச் சொன்னார்.

ஷாஹிதா ஜன்னலோரம் போய் நின்று, அங்கிருந்து செல்போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சற்குணம் சொன்னார். இந்த முறை பாதியில் குரல் தடுமாறியது.

ஷாஹிதா அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வெளிச்சம் சரியில்ல சார். மறுபடியும்."

"என் பொண்ணு..." என்றார் சற்குணம். அதற்கு மேல் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஷாஹிதா பதிவை நிறுத்தினார். அவர் முகத்தைத் துடைத்து முடித்ததும் செல்போனை அவர் முன்னால் வைத்தார்.

"ஒரே கேமராதான் சார், மூணு தடவை எடுத்தேன். இதுல எந்தத் தடவை உங்க பயம் பொய்?"